ஒளியும் ஒழுங்கும்

திண்மப் பொருளில் மூலக்கூறுகள் அசைய இடமின்றிச் செறிந்துள்ளன. அங்கு வேதிவினை நிகழ்வது அரிதென எண்ணுவது இயல்பே. ஆயினும் 1834-இல் செருமானியரான டிராம்ஸ்டார்ஃப், சாண்டோனின் என்னும் பொருளின் படிகங்கள் வெயில் பட்டு மஞ்சளாகி வெடித்துச் சிதறக் கண்டார்.

பின்னர், இலவங்கப்பட்டையோடு தொடர்புடைய சின்னமிக் அமிலமும் ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்திற்று. அதன் ஒருவகைப் படிகத்தில் ஒளி பட்டதும் மூலக்கூறுகள் இரண்டிரண்டாய் இணைந்து ஒரு விளைபொருளைத் தந்தன; மற்றொரு வகை வேறொன்றைத் தந்தது; மூன்றாம் வகையோ மாறவேயில்லை. பொருள் ஒன்றாயிருக்க, விளைவு வேறுபட்டது ஏன்?

1964-இல் இசுரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் கெர்ஹார்டு ஷ்மிட்டும் அவர்தம் குழுவினரும் விடை பகர்ந்தனர். எக்ஸ் கதிரால் படிகங்களை ஆய்ந்த அவர்கள், அண்டை மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்டிராம் இடைவெளிக்குள் அமைந்தாலே அவை பிணையும் என்றனர். ஓர் ஆங்ஸ்டிராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு!

அவ்வெல்லையும் முடிந்த முடிபன்று. அதனைக் கடந்தும் வினை நிகழக்கூடும் என்பதை 1980-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் கூமரின் படிகங்களில் கண்டனர்.

மூலக்கூற்றை அறிய விழைவோர் அதன் அண்டை அயலையும் அறிதல் வேண்டும். இதுவே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.