கேமரன் மலைச் சாலை: ஓய்வுக்காக வெட்டிய பாதை, உழைப்பால் வாழும் பாதை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்குப் புறப்படும் குடும்பங்கள் ஏராளம். தாப்பாவைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் வந்துவிடுமே என்று தாய்மார்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த வளைவுகள் எதற்காக வெட்டப்பட்டன, வெட்டியவர்கள் பட்ட பாடு என்ன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டரசு சாலை 59 என்பதே இதன் எண். பேராக் மாநிலத்தின் தாப்பாவில் தொடங்கி, லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியையும் செமாய் பூர்வகுடி மக்களின் சாலையோரக் கடைகளையும் கடந்து பகாங்கிற்குள் நுழைகிறது. ரிங்லெட், ஹாபு ஏரிக்கரை வழியாகத் தானா ராத்தாவை அடையும்போது சுமார் 60 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பிறகு பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று மேலே செல்கிறது.

பெயர் வந்த கதை

1885-இல் பேராக், பகாங் எல்லைப் பகுதியை அளக்க வந்தவர் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர். மலைமேல் குளிர்ந்த சமவெளி ஒன்று இருப்பதாக அவர் எழுதினார். வரைபடத்தில் அதைச் சரியாகக் குறிக்காததால் அந்த இடம் பல ஆண்டுகள் கேள்விக்குறியாகவே இருந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்து, மலைவாசத் தலம் அமைக்க ஏற்ற இடம் என்று பரிந்துரைத்தார். வெப்பத்தில் வாடிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும். அதுதான் நோக்கம்.

1926-இல் சாலைப் பணி தொடங்கியது. தானா ராத்தாவை எட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அடர்ந்த காட்டில் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்த தொழிலாளர்களை மலேரியாக் காய்ச்சல் வாட்டியது. திட்டத்தை முன்மொழிந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களோ இல்லை.

தேயிலை தந்த திருப்பம்

சாலை மேலே ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் ஓய்வுக்காகப் போட்ட பாதை உழைப்பின் பாதையாகவும் மாறியது. செங்குத்தான சரிவுகளில் தேயிலை நட்டதிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. மலையிலுள்ள தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் அதற்குச் சாட்சி. இன்று அதே சரிவுகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். நம் சந்தைக்கு வரும் முட்டைக்கோசும் தக்காளியும் மலைச் சாலையில் இறங்கி வருபவைதான்.

1948-இல் அவசரகாலம் பிறந்தபோது இந்தச் சாலை அச்சம் தரும் சாலையானது. ஆயுதக் காவலோடு வாகனங்கள் வரிசையாகச் சென்ற காலம் அது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு அகலமான மாற்றுச் சாலை திறக்கப்பட்ட பிறகு, ஈப்போ பக்கத்திலிருந்து வருவோர் அதையே நாடுகிறார்கள்.

மலை சொல்லும் எச்சரிக்கை

காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டால் மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அந்த மண் சாலையில் சரியும், ஆற்றை அடைக்கும். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கர் அணையின் நீர்த்தேக்கத்தையும் அதுவே தூர்த்துவருகிறது. 2013 அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின. அடுத்த ஆண்டே ரிங்லெட் பகுதியைச் சேற்றுவெள்ளம் மீண்டும் தாக்கியது.

சாலையை எத்தனை முறை செப்பனிட்டாலும், மேலே மரம் நின்றால்தான் கீழே தார் நிற்கும். காய்ச்சலோடு போராடி அன்று வெட்டிய பாதை இது. அதைத் தாங்கி நிற்கும் மலையைக் காப்பாற்றுவதே அந்தப் பெயரில்லாத உழைப்பாளிகளுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.