ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டும் ஒரு கிணறும்

2000ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குக் கொஞ்சம் தள்ளி, டேவ் உல்மர் என்றொருவர் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார். உள்ளே ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில்லறைச் சாமான்கள், ஒரு பீன்ஸ் டின். பிறகு அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போட்டார். தேடிப் போங்கோ, கண்டால் பேரை எழுதுங்கோ, ஒரு சாமானை எடுத்தால் இன்னொன்றை வையுங்கோ. அவ்வளவுதான் விதி.

அதே மே 3ஆம் திகதி இலங்கையில் என்ன நடந்தது? ஆனையிறவு விழுந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அரசாங்கம் புதிய அவசரகால ஒழுங்குவிதிகளை வெளியிட்டு, முழு நாட்டையும் போர்க்கால நிலைக்குக் கொண்டுவந்தது. செய்தித் தணிக்கையும் இறுகியது.

ஒரே நாள். அங்கே ஆக்கள் விளையாட்டுக்குப் பெட்டி ஒளிக்கத் தொடங்குகிறார்கள். இங்கே, உரிமையாளர் இல்லாத ஒரு பையைக் கண்டாலே சனம் ஓடுகிற காலம். எங்களில் பாதிப்பேர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் ஜியோகேச்சிங் என்ற இந்த விளையாட்டைத் திருகோணமலையில் விளையாடினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியபோது, அந்த ரெண்டு மே 3களும் எங்களுக்கு முன்னால் வந்து நின்றன.

முதலில் விளையாட்டின் கதை. ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவம் கட்டியெழுப்பியது. முதல் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. பொதுமக்களும் அதைப் பாவிக்கலாம், ஆனால் அவர்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. நூறு மீற்றர் வரை தள்ளிக் காட்டும். நூறு மீற்றர் பிழையோட ஒரு வாளியைத் தேடிப் பாருங்கோ, ஒரு முழுக் காட்டையே கிண்ட வேண்டிவரும். 2000 மே 1ஆம் திகதி ஜனாதிபதி கிளின்ரன் அந்தப் பிழையை நிறுத்தப் போவதாக அறிவித்தார். அன்றிரவே நின்றது. பத்து இருபது மீற்றருக்குள் இடம் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டே நாளில் உல்மரின் வாளி மண்ணுக்குள் போனது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் மைக் டீக். அவர் இப்படியான வாளிகளின் ஆள்கூறுகளை ஒரு பட்டியலாக இணையத்தில் வைத்தார். மே மாதக் கடைசியில் மற் ஸ்ரம் என்பவர் 'ஜியோகேச்சிங்' என்ற பெயரைச் சொன்னார். அதே ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி ஜெரமி ஐரிஷ் அந்தப் பெயரில் ஓர் இணையத்தளத்தைத் திறந்தபோது அதில் இருந்தவை 75 பெட்டிகள். 2010இல் அது பத்து லட்சத்தைத் தாண்டியது. 2017இல் முப்பது லட்சம்.

செய்மதி எப்படி இடம் சொல்லுது? அது உண்மையில் சொல்லுறது நேரத்தை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற ஒவ்வொரு செய்மதியும் தன்னுடைய அணுமணிக்கூட்டின் நேரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து எங்கட போன் தூரத்தைக் கணக்குப் பார்க்கும். நாலு செய்மதி கிடைத்தால் இடம் பிடிபட்டுவிடும்.

துறைமுகத்து ஆக்களுக்கு இந்தத் தத்துவம் புதிதில்லை. பாய்க்கப்பல் காலத்து மாலுமிகளும் கிறீன்விச் நேரத்தைக் காட்டும் மணிக்கூட்டை வைத்துத்தான் நெட்டாங்கு கண்டார்கள். பூமி ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை சுற்றுகிறது. திருகோணமலை ஏறத்தாழ 81.25 பாகை கிழக்கில் இருக்கிறது. ஆக, எங்கட ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கிறீன்விச்சை விட 5 மணி 25 நிமிடம் முந்தி. எங்கட மீன்பிடிக்காரருக்கு மணிக்கூடும் தேவைப்படவில்லை. கரையில் தெரிகிற ரெண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கத்தில் வேறு ரெண்டை ஒரே கோட்டில் வைத்தால், கோடுகள் வெட்டுகிற இடத்தில் அவர்களுடைய பார். கோணேசர் மலையை விடப் பெரிய அடையாளம் வேறென்ன வேண்டும்?

அந்த மலையடியில்தான் இந்தக் கதை இன்னொரு முறை திரும்புகிறது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க் இலங்கைக்குக் குடிவந்தார். அதே ஆண்டு அவருடைய தோழர் மைக் வில்சன் கோணேசர் மலைக்குக் கீழே கடலுக்குள் சுழியோடி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த பழைய கோயிலின் மிச்சம் அது. கிளார்க் அடுத்த ஆண்டு வெளியான தன் நூலில் அதைப் பற்றி எழுதினார். அதே 1956 ஓகஸ்ற்றில் அவர் அன்ட்ரூ ஹேலி என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் எதிர்வுகூறலும் இருக்கிறது. கைமணிக்கூடு அளவான ஒரு கருவியை வைத்து, செய்மதிகளின் உதவியோடு, பூமியில் யாரும் தான் நிற்கிற இடத்தை அறியும் காலம் வரும் என்பது அதன் சாரம். தொலைந்துபோன ஒரு கோயிலின் கற்கள் எங்கட கடலுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டில், தொலைந்துபோகாமல் இருப்பதற்கான கருவியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் எங்கட ஊரின் மிகப் பெரிய 'கேச்' கடலுக்குள் இல்லை, மண்ணுக்குள் இருந்தது. கோயில் இடிபட்ட காலத்தில் சில விக்கிரகங்களைப் பக்தர்கள் மண்ணில் புதைத்துக் காப்பாற்றினார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1950இல் திருகோணமலை நகரசபை ஒரு தண்ணீர்க் கிணறு வெட்டியது. கோயிலில் இருந்து ஏறத்தாழ 500 யார் தூரம். மண்வெட்டியில் தட்டுப்பட்டவை சோழர்காலப் பாணி வெண்கலங்கள். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. 1963இல் மலையில் கோயில் திரும்பக் குடமுழுக்குக் கண்டபோது அவை வீடு திரும்பியிருந்தன.

இதை விளையாட்டுக்காரரின் கண்ணால் பாருங்கோ. பெட்டி நன்றாக ஒளிக்கப்பட்டது. முந்நூறு ஆண்டுக்கு மேல் ஒருத்தர் கையிலும் அகப்படவில்லை. ஆனால் ஆள்கூறு எழுதி வைக்கப்படவில்லை. இடம் தெரிந்தவர்கள் இறந்தார்கள், அவர்களோடு இடமும் போனது. கிடைத்தது தேடியவனுக்கு அல்ல, தண்ணிக்குக் கிடங்கு வெட்டியவனுக்கு.

எங்கட அம்மம்மாக்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். இடம்பெயரும்போது பானை, நகை, காணி உறுதி என்று புதைத்துவிட்டு ஓடிய வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை? "கிணத்தடி முருங்கைக்குத் தெற்கால நாலடி" என்பதுதான் அவர்களுடைய ஆள்கூறு. திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை, கிணறும் தூர்ந்துபோச்சு.

இனி இப்போதைய கதைக்கு வருவோம். ஜியோகேச்சிங்கின் முதல் ஆண்டுகளில், இணையப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்து, ஆள்கூறை ஜிபிஎஸ் கருவியில் ஒவ்வோர் இலக்கமாகத் தட்டி, காட்டுக்குள் நடந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கான பெட்டிகளின் விபரத்தை ஒரே கோப்பாகக் கைக்கணினிக்கு இறக்க முடிந்தது. ஸ்மார்ட்போன் வந்ததும் கருவியும் தாளும் ஒன்றாகிவிட்டன. நிற்கிற இடத்திலேயே ஆப்பைத் திறந்து பக்கத்தில் என்ன இருக்கு என்று பார்க்கலாம், கண்டதும் அங்கேயே பதியலாம்.

இந்தக் காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. பெட்டியே மெல்ல மெல்ல மறைந்தது. 'வேர்ச்சுவல் கேச்' என்பதில் ஒளித்த சாமான் கிடையாது. இடத்துக்குப் போய், அங்கே நின்றால் மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்விக்கு விடை எழுதவேண்டும். 2004இல் தொடங்கிய 'ஏர்த்கேச்' பாறை, மணல், ஊற்று என்று மண்ணியல் பாடம் சொல்லும். 'அட்வென்சர் லாப்' முழுக்க முழுக்கப் போனுக்குள் நடக்கிற நடைப்பயணம். 2016இல் உலகையே தெருவில் இறக்கிய போக்கிமொன் கோவும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். அதன் இடங்களில் நிறைய, அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இன்கிரெஸ்ஸை ஆடியவர்கள் தங்கட ஊரில் இருந்து படம் எடுத்து அனுப்பியவை.

பெட்டி மறைந்தது மற்ற ஊர்க்காரருக்கு ஒருவேளை நட்டம். எங்களுக்கு அது கதவு திறந்த மாதிரி. ஏனென்று சொல்லத் தேவையில்லை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற அமைதியான ஊரிலேயே, ஒரு கேச் பெட்டியைக் குண்டு என்று நினைத்து இராணுவம் வெடிக்கவைத்தது. இங்கே கோயிலுக்குப் போவதென்றாலே பிரெடெரிக் கோட்டை வழியாக, இராணுவ முகாமுக்குள்ளால்தான் நடக்கவேண்டும். ஒஸ்ரன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. படைமுகாம்களுக்குப் பக்கத்தில் பெட்டி வைக்காதே என்று விளையாட்டின் விதியே சொல்லுது. எங்கட யோசனையைக் கேட்ட ஓர் ஐயா சிரித்தார்: "பெட்டி ஒளிக்கப் போறியளோ? விசர்க்கதை கதையாதேங்கோ. 2019க்குப் பிறகு பள்ளிக்கூடப் பையையே வாசலில வைச்சுச் சோதிச்சவங்கள்."

அதனால் பெட்டி இல்லாமல் ஐந்து இடங்களை வைத்து ஒரு பாதை போட்டுப் பார்த்தோம். கோட்டை வாசல்: நுழைவாயில் கல்லில் இருக்கும் மீன்கள் எத்தனை? மலையுச்சி: வடக்கு 8.582, கிழக்கு 81.245, நின்று பார்த்தால் வலது கைப்பக்கம் தெரிவது எந்தக் குடா? மூன்றாவது, உள்துறைமுக வீதி. நாலாவது அந்த 1950ஆம் ஆண்டுக் கிணறு. வயதான மூன்று பேரிடம் இடம் கேட்டோம். மூன்று பேரும் மூன்று பக்கம் கைகாட்டினார்கள். எழுபது சொச்ச ஆண்டுக்குள் இப்படி. மூன்று புள்ளிகளையும் குறித்து வைத்திருக்கிறோம். உறுதியாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

ஐந்தாவது இடத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. காந்தி சிலையடிக் கடற்கரை. 2006 ஜனவரி 2ஆம் திகதி, மாலை நேரம் அங்கே கூடியிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கட வயசுதான். எங்களைப் போலவே கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தவர்கள். "விளையாட்டுக்குள்ள அதைக் கொண்டுவராதேங்கோ" என்றார்கள் சிலர். "அதை விட்டுட்டு இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதினால் அது பொய்" என்றார்கள் மற்றவர்கள். ரெண்டு கிழமை கதைத்தோம்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. செய்மதி எங்களுக்கு ஓர் இடத்தின் இலக்கத்தை மட்டும் தருகிறது. அந்த இலக்கத்துக்குக் கீழே வரும் நாலு வரியை யாரோ ஒருத்தர் எழுதவேண்டும். நாங்கள் எழுதாவிட்டால் ரெண்டு நாள் வந்துபோகிற உல்லாசப் பயணி எழுதுவார். டச்சுக் குடா, அழகான மணல், மான்கள் உலாவும் கோட்டை, நாலு நட்சத்திரம். அதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு எத்தனை பேர் எத்தனை கதை சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எழுதி வைத்த கதைதான் பிறகு வரலாறு என்று நிற்கும்.

கடைசியில் ஐந்தாவது இடத்தைப் பாதையில் வைத்தோம். அதற்குக் கேள்வி இல்லை, புள்ளியும் இல்லை. ஆள்கூறு இருக்கும், திகதி இருக்கும், நடந்தது ரெண்டு வரியில் தமிழில் இருக்கும். வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.

உல்மரின் வாளியைப் பிறகு புல்வெட்டும் இயந்திரம் ஒன்று உடைத்துப்போட்டது. அந்தப் பீன்ஸ் டின் மட்டும் தப்பி, விளையாட்டுக்காரரின் கூட்டங்களுக்குப் பயணம் போய்வருகிறது. வாளி இருந்த இடத்தில் 2003இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். ஒரு வாளிக்கே பலகை வைத்திருக்கிறார்கள். கிணற்றடிக்கு என்ன வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதுக்கு முதல் கிணற்றைக் கண்டுபிடிக்கவேணும். வாற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கோட்டை வாசலில் நிற்போம். போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாங்கோ. உங்கட வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால், அவையிட்டக் கேட்டுப்போட்டு வாங்கோ.