மவுண்ட் லாரல்: வீட்டுவசதியும் மக்கள்தொகை மாற்றமும்

மவுண்ட் லாரல், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பர்லிங்டன் கவுண்டியைச் சேர்ந்த ஒரு டவுன்ஷிப். ஃபிலடெல்ஃபியாவுக்குக் கிழக்கே அமைந்தது. பரப்பு சுமார் 22 சதுர மைல். குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளுக்கு ஊர்கள் இடம்விட்டே ஆக வேண்டும் என்று நிலைநாட்டிய வழக்கு இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகிறது.

1950இல் இங்கே இருந்தவர்கள் 2,817 பேர். விளைநிலமும் சாலையோரத்தில் ஆங்காங்கே வீடுகளுமாக இருந்த ஊர். அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் சமயத்தார் மிகுந்த பகுதி என்பதால், கறுப்பினக் குடும்பங்கள் அடிமைமுறைக் காலத்திலிருந்தே இங்கே வேரூன்றியிருந்தன. பின்னர் நெடுஞ்சாலைகள் வந்தன. நகரத்தை விட்டு வந்தவர்கள் புறநகரில் மனை வாங்கினார்கள். மக்கள்தொகை 1960இல் 5,249, 1970இல் 11,221.

வளர்ச்சியை ஊர் தடுக்கவில்லை. யார் வரலாம் என்பதைத்தான் தீர்மானித்தது. 1964ஆம் ஆண்டின் நில வகைப்பாட்டு விதிகள் தனி வீடுகளை மட்டுமே அனுமதித்தன. மனையின் குறைந்தபட்ச அளவு ஒரு மண்டலத்தில் 9,375 சதுர அடி, இன்னொன்றில் 20,000 சதுர அடி. நம் கணக்கில் முறையே இருபத்தொன்றரை சென்ட், நாற்பத்தாறு சென்ட். நிலத்தில் 29 விழுக்காட்டுக்கு மேல் தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டு, பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கு வழிவிட்டபோதும் நிபந்தனைகள் தொடர்ந்தன. ஒரு படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கக் கூடாது. இரண்டு படுக்கையறை வீட்டில் அத்தகைய பிள்ளைகள் இருவருக்கு மேல் கூடாது. பத்து வீட்டுக்கு மூன்று பள்ளிப் பிள்ளைகள் என்ற கணக்கைத் தாண்டினால் கூடுதல் செலவைக் கட்டுநரே ஏற்க வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்துவரியில் நடப்பதால், சிறிய வீட்டில் குடியேறும் பெரிய குடும்பம் ஊர்க் கணக்கில் நஷ்டம். தொழிற்சாலையோ வரி கட்டும், பிள்ளை பெறாது. வெளிப்படையான இனவெறியைவிட இந்தக் கணக்கை எதிர்ப்பது கடினமாக இருந்தது.

பழைய குடிகளில் சிலர் கோழிக்கொட்டகைகளை மாற்றியமைத்து வாழ்ந்தனர். அவற்றைக் குடியிருக்கத் தகாதவை என அறிவித்து அகற்றிய டவுன்ஷிப், மாற்று வீடு தரவில்லை. பலர் கேம்டன் நகரின் நெரிசலுக்குள் போய்ச் சேர்ந்தனர். ஊரின் ஸ்பிரிங்வில் பகுதி மக்கள் 36 வாடகை வீடுகள் கட்ட அனுமதி கேட்டனர். 1970இல் ஜேக்கப்ஸ் சேப்பல் தேவாலயத்தில் கூடியவர்களிடம், கட்டுப்படியாகாதவர்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற பொருளில் மேயர் பேசினார். பல தலைமுறைகளாக அவ்வூரில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த எத்தல் லாரன்ஸ் உள்ளிட்டோர் 1971இல் வழக்குத் தொடுத்தனர்.

1975இல் நீதிபதி ஃபிரெடரிக் ஹால் எழுதிய மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வட்டாரத்தின் வீட்டுத் தேவையில் தன் நியாயமான பங்கை ஒவ்வொரு வளரும் ஊரும் ஏற்க வேண்டும் என்றது. அதற்கு மவுண்ட் லாரல் ஒதுக்கியது மூன்று துண்டுகளாக 20 ஏக்கர். ஊர்ப் பரப்பில் கால் விழுக்காடுகூட இல்லை. 1983இல் தலைமை நீதிபதி ராபர்ட் விலென்ட்ஸ் தலைமையிலான அமர்வு பிடியை இறுக்கியது: மலிவு வீடுகளையும் சேர்த்துக் கட்ட முன்வரும் கட்டுநர், மறுக்கும் ஊர்மீது வழக்குத் தொடுத்து அனுமதி பெறலாம். லாபம் பார்க்கும் கட்டுநரை ஏழைக்குத் துணைசேர்த்த இந்த ஏற்பாடே ஊர்களை உண்மையில் அசைத்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்களின் பங்கைக் கவனிக்க ஒரு மாநில மன்றத்தை அமைத்தது. ஓர் ஊர் தன் பங்கில் பாதி வரை பணம் கொடுத்து வேறு நகரத்துக்குத் தள்ளிவிடவும் வழிவைத்தது. அந்த வழி 2008இல்தான் அடைபட்டது.

லாரன்ஸ் 1994இல் காலமானார். அவர் பெயரிலான குடியிருப்புக்கு 1997இல் அனுமதி கிடைத்தது. 2000இல் முதற்கட்டமாக 100 வீடுகளும், பின்னர் மேலும் 40 வீடுகளும் எழுந்தன. குற்றம் பெருகும், மனை விலை சரியும் என்ற அச்சத்தை டக்ளஸ் மாசி தலைமையிலான பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அண்டை ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். 2013இல் நூலாக வந்த அந்த ஆய்வு, இரண்டுமே நடக்கவில்லை என்றது. அதற்குள் ஊரே உருமாறியிருந்தது: 1990இல் 30,270 பேர், 2020இல் 44,633 பேர். இந்தப் பெருக்கத்தில் 140 வீடுகள் எம்மாத்திரம்?

செயலிழந்த மாநில மன்றத்திடமிருந்து பொறுப்பை 2015இல் நீதிமன்றங்கள் மீட்டுக்கொண்டன. 2024இல் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் அம்மன்றத்தை ஒழித்து, ஊர்களின் பங்கைக் கணக்கிடப் புதிய முறை வகுத்தது. அதே ஆண்டில் சில ஊர்கள் அச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.