பிறப்பு போட்ட பூட்டு

இங்கிலாந்தின் கீழைக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகர். ‘ஹல் ஆற்றின்மேல் உள்ள மன்னன் நகர்’ என்பது அதன் முழுப்பெயரின் பொருள். 13-ஆம் நூற்றாண்டில் முதலாம் எட்வர்டு மன்னன் அதனை வாங்கித் தன் நகராக்கினான். அம்மன்னன் நகருக்குள் மேற்கிலிருந்து நுழையும் பெருஞ்சாலை இன்று தாங்கி நிற்பது எந்த அரசனின் பெயரை? எந்தப் பிரபுவின் பெயரை? கிளைவ் சல்லிவன் என்னும் கறுப்பின ஆட்டக்காரரின் பெயரை! மன்னன் பெயர் பொன் கொடுத்து வந்தது. இந்தப் பெயரோ மக்கள் மனம் கொடுத்து வந்தது.

சல்லிவன் ஆடியது ரக்பி லீக். அந்த ஆட்டத்தின் பிறப்பே ஓர் உரிமைப் போரின் விளைவு. ரக்பியை ஆண்டு வந்தோர் உயர்தரப் பள்ளிகளில் பயின்ற செல்வர்கள். ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது இழிவு என்பது அவர்கள் வகுத்த ஆசாரம். உண்டு கொழுத்தவனுக்கு அது எளிது. யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் சுரங்கத்தில் வெட்டியவனும் ஆலையில் நூற்றவனும் சனிக்கிழமை ஆடப்போனால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலியை ஈடு செய்யுங்கள் என்ற கோரிக்கையை 1893-இல் தலைமைச் சங்கம் தள்ளுபடி செய்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபுலக் கழகங்கள் தனிச் சங்கம் கண்டன. ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை இழப்பீடு தரலாம் என விதி செய்தன. பழைய ஆட்டம் யூனியன் எனவும், புதியது பின்னாளில் லீக் எனவும் வழங்கலாயின.

அன்று போராடியவர்கள் கறுப்பினத்தாரை எண்ணிப் போராடினார்களா? இல்லை. தம் வயிற்றை எண்ணிப் போராடினார்கள். ஆயினும், ஒருவன் தன் உரிமைக்காகத் திறந்த கதவின் வழியே, அவன் கண்டிராத இன்னொருவனும் நுழைந்தான்.

வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் துறைமுகப் பகுதியில் பல நாட்டு மாலுமிகளின் குடும்பங்கள் வாழ்ந்தன. ரக்பி அங்கே மூச்சுக்காற்று. ஆனால், 1980-கள் வரை வேல்ஸ் யூனியன் அணியில் ஒரு கறுப்பின வீரருக்கும் இடமில்லை. 1934-இல் அங்குப் பிறந்த பில்லி பாஸ்டன் 1953-இல் வடக்கே விகன் கழகத்தில் சேர்ந்தார். எதிரணியின் கோட்டுக்கப்பால் பந்தைத் தரையில் பதிப்பதற்கு ‘ட்ரை’ என்று பெயர். விகனுக்காக அவர் பதித்தவை 478!

அதே கார்டிஃபின் ஸ்ப்ளாட் பகுதியில் 1943-இல் பிறந்தவர் சல்லிவன். சிறுவயதில் கால்களில் பல அறுவைகள். இயல்பாக நடப்பதே அரிது என்றனர் மருத்துவர்கள். தலையெழுத்து என்று அவர் முடங்கவில்லை. இராணுவத்தில் சேர்ந்தார், ஓடினார். 1961-இல் ஹல் கழகம் அவரைச் சோதித்துப் பார்த்தது. வழக்கப்படி ஆட்டப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ‘வேறொருவர்’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரிலி அன்று மூன்று ட்ரை பதித்தார். மறுநாளே ஒப்பந்தம்! அக்கழகத்தின் பயிற்சியாளர் ராய் ஃபிரான்சிசும் வேல்ஸில் பிறந்த கறுப்பினத்தவரே.

ஹல் கழகத்துக்கு 250, பின்னர் அதே நகரின் எதிர்க்கழகமான ஹல் கிங்ஸ்டன் ரோவர்சுக்கு 118 ட்ரை. பகைத்து நின்ற இரு பாதி நகரமும் அவரைத் தம்மவர் என்றன. 1972-இல் அவர் பிரிட்டன் அணியின் தலைவரானார். பெரும் விளையாட்டுகளில் பிரிட்டனின் தேசிய அணியொன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவ்வாண்டு நவம்பரில், பிரான்சின் லியோன் நகரில், உலகக் கோப்பை இறுதியாட்டம். ஆஸ்திரேலியா முந்தி நின்ற வேளையில், தம் பாதியிலேயே பந்தைப் பெற்ற சல்லிவன், எதிரணியைப் பின்னே விட்டு, ஏறத்தாழ ஆடுகளத்தின் முழு நீளமும் ஓடிப் பதித்தார். ஆட்டம் 10-10, முந்தைய சுற்றில் முதலிடம் பெற்றிருந்ததால் கோப்பை பிரிட்டனுக்கு.

லீக் மாசற்ற கோயில் என்று நான் கூறவரவில்லை. 1957-இல் பிரிட்டன் அணி தென்னாப்பிரிக்கா சென்றபோது, அங்கிருந்த நிறவெறிக்குப் பணிந்து பாஸ்டனை விலக்கிவிட்டே சென்றது. கதவு திறந்தால் போதாது. உள்ளே இருப்போர் உள்ளமும் திறக்கவேண்டும். உழைப்பாளர் ஆட்டத்தைப் பிரபுக்கள் உலகம் பார்த்த பார்வையும் எளிதில் மாறிவிடவில்லை. லீக் வீரர் ஒருவருக்கு முதன்முதலாக ‘சர்’ பட்டம் கிடைத்தது 130 ஆண்டு கழித்து, 2025-இல். பெற்றவர், முதுமையடைந்த பாஸ்டன்.

சல்லிவன் 1985-இல் புற்றுநோயால் மறைந்தார், அகவை 42. அவர் பெயரைத்தான் சாலை சுமக்கிறது.

தோழர்களே, ‘தகுதி இருந்தால் தானே வரட்டும்’ என்போரிடம் இந்த வரலாற்றைக் காட்டுங்கள். கார்டிஃபில் இருந்தபோதும் அதே கால்கள்தாம். ஹல்லில் ஓடியபோதும் அதே கால்கள்தாம். மாறியது கால்களல்ல, கதவு! தகுதியை அளக்க வருவோரிடம் முதலில் கேளுங்கள்: பூட்டைப் போட்டவர் யார்? சாவி யார் கையில்?