பென்சீன் வளையத்துக்குள் ஓடும் மின்னோட்டம்: கிருஷ்ணன் அளந்ததும் இன்று கணினி கணக்கிடுவதும்

கமுந்திங், தைப்பிங் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் பாலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாலுக்குள் இருக்கும் மூலக்கூறைக் காந்தத்தின் நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

ரப்பர் மூலக்கூறு கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் ஐந்து கார்பனுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ரப்பர் கெட்டிப்படும் வேகத்தைக் கூட்ட, மெர்காப்டோபென்சோதையசோல் என்ற வாயில் நுழையாத பெயருள்ள ரசாயனத்தைச் சேர்ப்பதுண்டு. அதிலும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அவை ஆறு கார்பன்கள் கொண்ட பென்சீன் வளையத்துக்குள் இருக்கின்றன.

காகிதத்தில் வரைந்தால் இரண்டும் ஒரே மாதிரி இரட்டைக் கோடுகள்தான். காந்தத்துக்கு மட்டும் அவை ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைத் துல்லியமாக அளந்து காட்டிய முன்னோடிகளில் முக்கியமானவர் ஒரு தமிழர்.

யார் இந்த கே.எஸ். கிருஷ்ணன்?

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியிலும் படித்து, பிறகு கல்கத்தாவில் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1928-இல் ராமன் விளைவை அறிவித்த 'நேச்சர்' கடிதத்தில் இவர் பெயரும் இருக்கிறது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது.

அதனால்தான் கிருஷ்ணன் என்றாலே 'ராமனின் உதவியாளர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனபிறகு அவர் செய்த காந்த ஆய்வு, ராமன் விளைவுக்குத் துணை நின்ற வேலை அல்ல. அது தனிக் கணக்கு.

காந்தம் தள்ளிவிடும் பொருள்கள்

இரும்பைக் காந்தம் இழுக்கும், தெரியும். தண்ணீர், சீனி, மெழுகு, ரப்பர் ஆகியவற்றைக் காந்தம் மிக மிக லேசாகத் தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு பலவீனமான இந்தக் குணத்துக்கு டயா காந்தத்தன்மை என்று பெயர்.

துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீனும் அப்படித்தான். ஆனால் அதன் படிகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தள்ளும் வலு மாறுகிறது. இதைத்தான் கிருஷ்ணன் பிடித்துக்கொண்டார்.

குவார்ட்ஸ் இழையில் தொங்கிய படிகம்

அவருடைய கருவியில் பெரிய ஆடம்பரம் ஒன்றும் இல்லை. மெல்லிய குவார்ட்ஸ் இழையின் நுனியில் ஒரு சிறு படிகத்தை ஒட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். காந்தப்புலம் வந்ததும் படிகம் தனக்கு வாகான திசையில் திரும்பி நின்றுவிடும்.

இப்போது இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்குங்கள். இழை முறுக்கேறும், படிகம் அசைந்து கொடுத்தாலும் இடத்தை விடாது. முறுக்கு ஏற ஏற, ஒரு கட்டத்தில் படிகம் சட்டென்று புரண்டுவிடும். அந்த நொடியில் எத்தனை பாகை முறுக்கினோம் என்பதுதான் விடை. படிகத்தின் இரு திசைகளுக்கு இடையே காந்தக் குணம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற அரோமாட்டிக் பொருள்களை இப்படி அளந்து, பி.சி. குஹா, எஸ். பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து 1933-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இழையில் தொங்குவது படிகம். நமக்கு வேண்டியதோ மூலக்கூறு. படிகத்துக்குள் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கும். அந்தச் சாய்வை எக்ஸ் கதிர் சொல்லும். பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929-இல் எக்ஸ் கதிர் கொண்டு நிறுவிய கேத்லீன் லான்ஸ்டேலுடன் கிருஷ்ணன் கைகோத்தார். இருவரும் 1936-இல் எழுதிய கட்டுரை, படிக அளவையும் மூலக்கூறின் அளவையும் இணைக்கும் கணக்கை முறைப்படுத்தியது.

கிடைத்த விடை: பென்சீன் வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் டயா காந்தத்தன்மை, தளத்துக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

ஏன் இந்த ஓரவஞ்சனை?

ரப்பர் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் தத்தம் இடத்தோடு கட்டுண்டு கிடக்கும். பென்சீனில் ஆறு எலக்ட்ரான்கள் வளையம் முழுவதற்கும் பொதுச் சொத்து. காந்தப்புலம் வளையத்தைச் செங்குத்தாகத் துளைக்கும்போது, கும்மியடிக்கும் பெண்கள் வட்டமாகச் சுற்றுவதுபோல அவை வளையம் நெடுகச் சுற்றி ஓடுகின்றன. ஓடும் எலக்ட்ரான் என்றால் மின்னோட்டம். அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கி, வெளிப்புலத்தை எதிர்க்கிறது.

லைனஸ் பாலிங் 1936-இலும், பிரிட்ஸ் லண்டன் 1937-இலும் இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். 1956-இல் ஜான் போப்பிள் இதே ஓட்டத்தை வைத்து இன்னொரு புதிரை விளக்கினார்: என்.எம்.ஆர் கருவியில் பென்சீனின் ஹைட்ரஜன் 7.3 என்ற இடத்தில் தெரிகிறது. ரப்பரின் இரட்டைப் பிணைப்பிலுள்ள ஹைட்ரஜனோ 5.1 பக்கம்தான். அந்த இடைவெளியில் பெரும்பங்கு வளைய மின்னோட்டத்தின் வேலை.

கணினி வந்த பிறகு

இன்று படிகம் வளர்க்கவும் வேண்டாம், இழை தொங்கவிடவும் வேண்டாம். அணுக்கள் இருக்கும் இடங்களைக் கொடுத்தால், எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணினியே கணக்கிடும். இதைச் செய்பவர்கள்தான் கணினி வேதியியலாளர்கள். அவர்கள் பயன்படுத்தும் முக்கியமான உத்தி 1937-இல் லண்டன் போட்டுக்கொடுத்ததே.

1996-இல் பால் ஷ்லேயரும் சகாக்களும் ஒரு குறுக்குவழி சொன்னார்கள். வளையத்தின் நடுவில் அணு எதுவும் கிடையாது. அங்கே ஒரு 'பேய் அணு' இருப்பதாக வைத்துக்கொண்டு, அது எந்த அளவு காந்தப்புலத்தை உணரும் என்று கணக்கிடுங்கள் என்றார்கள். நிக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த எண், பென்சீனுக்குக் கழித்தல் 10-ஐ ஒட்டி வரும். எலக்ட்ரான்கள் எதிர்ப்புறமாகச் சுற்றும் சைக்ளோபியூட்டாடையீனுக்குக் கூட்டல் 27 பக்கம் போகும்.

கழித்தல் என்றால் அரோமாட்டிக், கூட்டல் என்றால் அதற்கு நேரெதிர். இவ்வளவு சுலபமாக இருந்ததால் உலகமே இதைப் பிடித்துக்கொண்டது.

அளக்கவே முடியாத எண்ணை நம்பலாமா?

சண்டையே இங்கேதான். பேய் அணுவை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அந்த எண் கணினியில் மட்டுமே உயிர்வாழ்கிறது. தவிர, வளையத்தின் நட்டநடுவில் கணக்கிட்டால் சுற்றாத எலக்ட்ரான்களின் பாதிப்பும் அதே எண்ணில் கலந்துவிடும். அதான் தளத்துக்கு மேலே 0.1 நானோமீட்டர் தள்ளிக் கணக்கிடும் பழக்கம் வந்தது. அப்படியும், பல வளையங்கள் ஒட்டிய மூலக்கூறுகளில் ஒரு வளையத்தின் ஓட்டம் பக்கத்து வளையத்தின் எண்ணைக் குழப்பும்.

கிருஷ்ணன் அளந்ததோ கையால் தொட்டு முறுக்கிய இழையில் கிடைத்த அளவு. புதிதாக ஒரு கணக்கு முறை எழுதுபவர் அதைச் சோதிக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட அளவுகளிடம்தான் வர வேண்டும். நிக்ஸ் எண்ணை மட்டும் போட்டு 'இது அரோமாட்டிக்' என்று முடிக்கும் ஆய்வுகளைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

பிறகு 1947-இல் இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரான கிருஷ்ணன் 1961-இல் காலமானார். பென்சீன் வளையங்களைத் தேன்கூடுபோல விரித்த கிராஃபைட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதில் திசை வித்தியாசம் ஏறக்குறைய 40 மடங்கு. வலுவான காந்தங்களின்மேல் மெல்லிய கிராஃபைட் தகடு அந்தரத்தில் மிதக்கும் காணொளியைப் பார்த்திருப்பீர்களே, அதற்கும் காரணம் இதே குணம்தான்.

நீங்களே செய்து பார்க்கலாமா?

எஸ்.டி.பி.எம் வேதியியலில் பென்சீன் படித்த மாணவருக்கு இது எட்டாத விஷயமில்லை. பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பென்சீன் அளவுள்ள மூலக்கூறுக்குச் சாதாரண மடிக்கணினி போதும். 'ஓர்கா' மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், நிக்ஸ் எண்ணை அதில் பெறலாம். 'டால்டன்' திறந்தமூல மென்பொருள், கிருஷ்ணன் அளந்த திசை வித்தியாசத்தையே அது கணக்கிடும். முதலில் பென்சீனுக்கு இரண்டையும் போட்டுப் பாருங்கள். செங்குத்துத் திசையின் மதிப்பு மற்றதைவிட இரண்டரை மடங்கு பக்கம் வரவில்லை என்றால், அடுத்த மூலக்கூறுக்குப் போகாமல் உள்ளீட்டைச் சரிபாருங்கள்.