வெயிலில் வெளுத்த சிவப்பு

1984-ல் செகண்ட் ஹேண்டாக ஒரு சிவப்புக் கார் வாங்கினேன். நாலே கோடையில் வெளிறி ரோஸ் நிறமாகிவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியெல்லாம் சிவப்பு. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது பெயிண்ட் என்பது, பானெட் ஓரத்தில் பிரைமர் எட்டிப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

அதன் பிறகுதான் கார் பெயிண்ட்டின் கதையைத் தேடிப் படித்தேன். முன்பெல்லாம் காருக்கு அடித்த பெயிண்ட் காய வாரக்கணக்காகும். 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த டூகோ லாக்கர் மணிக்கணக்கில் காய்ந்தது. கார்களில் வண்ணங்கள் பெருகின. ஆனால் மலிவான சிவப்பு நிறமிகள் பலவும் புற ஊதாக் கதிரைத் தாங்கவில்லை. 1958-ல் அதே டூபான்ட் விற்பனைக்கு விட்ட குயினாக்ரிடோன் நிறமிகள் வெயிலை நன்றாகத் தாங்கின. நிறத்தின் மேல் கவசமாகப் பூசும் கிளியர் கோட் பின்னால் பரவலானது.

என் காரில் அந்தக் கவசம் கிடையாது. மிச்சமிருந்த சிவப்பின் மேல் மெழுகு பூசி, வேப்பமர நிழலை விட்டுவிட்டு, ஷெட் போட்டு நிறுத்தினேன். மரத்தடியில் பறவை எச்சம் பெயிண்ட்டை அரிக்குமே!

உங்கள் துணியிலும் சிவப்பு ஒட்டினால், தேய்ப்பதை அளவோடு நிறுத்துங்கள். போன பெயிண்ட் திரும்பாது.