பெயரில்லாச் சேவகர்கள்: துன்பியல் அரங்கின் சிறுபாத்திரங்கள் பற்றி

துன்பியல் நாடகம் பற்றிய நமது பேச்சுகள் பெரும்பாலும் நாயகனோடு தொடங்கி நாயகனோடேயே முடிந்துவிடுகின்றன. அரிஸ்டோட்டிலின் கவிதையியல் முதல் ஷேக்ஸ்பியர் துன்பியல் பற்றி ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட நூல் வரை, உயரத்தில் இருந்து வீழ்பவனே ஆய்வின் பொருள். நான் இலங்கையில் விரிவுரையாளனாக இருந்த ஆண்டுகளில், லியரின் வீழ்ச்சிக்கு அவனது குணக்குறை எவ்வளவு தூரம் காரணம் என்ற வினா, சொல் மாறினாலும் பொருள் மாறாமல் பரீட்சைத்தாளில் வந்துகொண்டிருந்தது. சேவகர்களைப் பற்றி ஒரு வினா வந்ததாக நினைவில்லை. செய்தி கொண்டுவருவது அல்லது சிரிக்க வைப்பது, இந்த இரண்டு வேலைகளுக்கு அப்பால் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

இக்கட்டுரையில் நான் முன்வைக்க விரும்புவது ஒரே ஒரு கருத்து. விதி என்று தோன்றுவதை மனிதக் கைகளால் நடக்கும் காரியமாகக் காட்டுவதே துன்பியலில் சிறுபாத்திரத்தின் முதன்மையான வேலை. அரசன் ஆணையிடுவான். அதை நிறைவேற்ற ஒரு கை வேண்டும். அந்தக் கை துணியலாம், தயங்கலாம், மறுக்கவும் கூடும்.

1

லியர் மன்னன் நாடகத்தின் மூன்றாம் அங்கம், ஏழாம் காட்சி. கோர்ன்வால் கோமகன், கதிரையில் கட்டப்பட்ட முதியவர் குளொஸ்டரின் ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். மற்றக் கண்ணுக்குப் போகும்போது அவனுடைய சேவகன் ஒருவன் குறுக்கே வருகிறான். சிறுவயது முதல் உங்களிடம் வேலை செய்கிறேன், இப்போது நிறுத்தச் சொல்வதைவிடச் சிறந்த சேவையை நான் ஒருநாளும் உங்களுக்குச் செய்ததில்லை என்கிறான். வாட்கள் உருவப்படுகின்றன. கோர்ன்வால் படுகாயமடைகிறான். ஒரு குடியானவன் இப்படி எழுந்து நிற்பதா என்று சீறும் ரீகன், வாளொன்றை வாங்கிப் பின்னால் இருந்து சேவகனைக் குத்திக் கொல்கிறாள்.

இந்தச் சேவகனுக்குப் பெயர் இல்லை. அவனுடைய பேச்சு பத்து வரிக்கும் குறைவு. குளொஸ்டரின் மற்றக் கண்ணை அவனால் காப்பாற்றவும் முடியவில்லை. ஆனால் அவன் தந்த காயத்தால் கோர்ன்வால் இறக்கிறான். நாடகத்தில் கொடுங்கோன்மைக்கு விழும் முதல் அடி ஒரு பிரபுவின் கையால் விழவில்லை. 1606 டிசம்பர் 26ஆம் திகதி, வைட்ஹோல் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில் இந்நாடகம் நடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எசமான்மேல் வாள் உயர்த்தும் வேலைக்காரனை ஒரு மன்னர் இருந்து பார்த்தார்.

இதன் பின்கதையும் முக்கியமானது. 1608இல் அச்சான பிரதியில், அக்காட்சியின் முடிவில் எஞ்சிய இரு சேவகர்கள் தமக்குள் கதைக்கிறார்கள். ஒருவன் குளொஸ்டரின் இரத்தம் வழியும் முகத்துக்குச் சணல்நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகிறான். 1623இன் பெருந்தொகுப்பில் இந்த உரையாடல் இல்லை. வெட்டியது ஷேக்ஸ்பியரா, நாடகக் குழுவா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதிடுகின்றனர். 1962இல் பீற்றர் புரூக் றோயல் ஷேக்ஸ்பியர் கம்பனிக்காக இந்நாடகத்தை நெறியாள்கை செய்தபோது அவரும் அந்த உதவியை வெட்டினார். பார்வையாளருக்கு எந்த ஆறுதலும் மிஞ்சக்கூடாது என்பது அவரது நோக்கம். இருபதாம் நூற்றாண்டைப் பார்த்தவர் என்ற வகையில் அவருடைய தர்க்கம் விளங்குகிறது. ஆயினும் அந்த வெட்டினால் உலகம் முழுவதும் கொடியது என்ற முடிவு மட்டுமே மேடையில் எஞ்சுகிறது. உலகம் முழுவதும் கொடியது என்றால் கொடுமை செய்தவன் மட்டும் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

2

இனி நமது பக்கம் வருவோம். சிலப்பதிகாரம் காப்பியம்தான். ஆனால் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமாகவும் முல்லைத்தீவின் கோவலன் கூத்தாகவும் அது மேடையில் வாழ்ந்தது. அதன் கொலைக்களக் காதையை ஊழ்வினையின் வெற்றியாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். இளங்கோவின் பிரதியோ அவ்வளவு இலகுவாக நம்மை விடுவதில்லை.

பாண்டியன் ஆணையிட்ட பின்னர், காவலர் பொற்கொல்லனோடு கோவலனிடம் வருகின்றனர். அவனைப் பார்த்ததும், தோற்றத்தைக் கொண்டு பார்த்தால் இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்ல என்று சொல்கின்றனர். பொற்கொல்லன் விடவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து என்று தொடங்கிக் கள்வரின் எட்டுத் துணைகளைப் பற்றி ஒரு விரிவுரையே நடத்துகிறான். இளங்காவலன் ஒருவன், மழை இரவில் கள்வன் ஒருவன் தன் வாளைப் பறித்துப்போன கதையைச் சொல்லி, அரசனும் நம்மைத் தண்டிப்பான், செய்யவேண்டியதைச் சொல்லுங்கள் என்கிறான். இந்தப் பேச்சு நடக்கும்போதே கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

தயக்கம், நிபுணரின் விளக்கம், மேலிடத்துப் பயம், பிறகு யோசிக்காத ஒரு கை. ஒரு கொலை எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன பிரதி நமது மொழியில் எனக்குத் தெரியாது. காவலரின் தயக்கம் மட்டும் இல்லாவிடில் கோவலனின் மரணம் வெறும் ஊழ்தான். அந்தத் தயக்கம் இருப்பதால் அது தவிர்த்திருக்கக்கூடிய கொலையாகிறது.

காப்பியம் இன்னொன்றையும் பதிவுசெய்கிறது. பின்னர் வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான். ஒருவன் செய்த பொய்க்கு ஒரு குலமே பலி. வாள் வீசியவனைப் பற்றிய விசாரணை எங்கும் இல்லை. இந்தப் பலியின் பின் மழை பெய்து நாடு செழித்தது என்று பிரதி சொல்வதை நாம் கேள்வியின்றி ஓதிவருகிறோம்.

3

யாழ்ப்பாணத்து இசை நாடக மரபில் அரிச்சந்திர மயான காண்டத்துக்கு ஈடான புகழ் வேறெதற்கும் இருந்ததில்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் அரிச்சந்திரனாக நின்றார். அங்கே மன்னனே சிறுபாத்திரமாகிறான். சுடலை காக்கும் சேவகனாக, தன் பிள்ளையின் பிணத்துக்கே கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். மனைவி சந்திரமதியின் தலையை வெட்டச் சொல்லி ஆணை வரும்போது வாளை ஓங்குகிறான். வாள் மாலையாகிறது.

நாம் விடிய விடியக் கண்ணீர் விட்டது, மறுக்காத ஒரு சேவகனுக்காக. வாக்குத் தவறாமை உயர்ந்த பண்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்பாவி ஒருத்தியின் கழுத்துக்கு மேல் ஓங்கிய வாளைத் தெய்வம்தான் தடுக்க வேண்டியிருந்தது. ஓங்கியவனுக்கு அந்த எண்ணம் வரவில்லை. கோர்ன்வாலின் சேவகனோடு இவனை அருகருகே நிறுத்திப் பாருங்கள். எமது பார்வையாளர் எதைக் கற்றனர் என்பது தெரியவரும்.

இன்னுமொருவன் அங்கே நிற்கிறான். அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிய வீரவாகு. மன்னன் சுடலைக்கு வந்தது துன்பியல். அதே சுடலைக்கென்றே பிறப்பால் ஒதுக்கப்பட்டவனின் வாழ்க்கை துன்பியலாகாமல் போனது எப்படி? பாத்திரங்களைப் பெரிது, சிறிது என்று பிரிக்கும் அளவுகோலில் சாதியும் ஒரு கோடு என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது.

4

இதெல்லாம் பழைய நாடகங்களின் விடயம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நமது வரலாற்றையும் நாம் இதே இலக்கணத்தில்தான் எழுதிவருகிறோம். தலைவர்கள், துரோகிகள், ஒப்பந்தங்கள், வீழ்ச்சி. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக வந்தவர்கள் இருந்தனர். அதே தெருக்களில் தமிழரைத் தம் வீட்டுக்குள் மறைத்துவைத்த சிங்கள அயலவரும் இருந்தனர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டபோது, அதை ஒலிபெருக்கியில் அறிவித்தவர்களும், வெளியேறியவர்களின் நகைகளைச் சோதித்துப் பறித்தவர்களும் நமது ஊர்ப் பிள்ளைகள். ஆணை மேலிருந்து வந்தது என்பதோடு நமது நூல்கள் நின்றுவிடுகின்றன. கைகளைப் பற்றிய அத்தியாயம் எழுதப்படவில்லை. எழுதப்படாத இடத்தில்தான் ஆயிரம் பொற்கொல்லரின் நியாயம் நுழைகிறது. ஒருவன் செய்ததற்கு ஓர் இனமே பொறுப்பு என்று அவர்கள் நம்மைச் சொன்னார்கள். நாமும் அவர்களை அப்படியே சொன்னோம்.

மேற்கு இலண்டனில் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் இப்போது இரவுவேலை செய்கிறேன். ஒரு தடவை, திகதி கடந்த பொதிகளுக்குப் புதுத் திகதி ஒட்டும்படி சொல்லப்பட்டது. எங்கள் வரிசையில் நின்ற ஒரு பெண் மாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை, கையுறையைக் கழற்றி வைத்தாள். பெல்ட் சில நிமிடங்கள் நின்றது. அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயின. அடுத்த வார வேலைப்பட்டியலில் அவள் பெயரும் இல்லை. இதை வீரம் என்று பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. மறுப்பு எந்த அளவில் நிகழ்கிறது, அதற்கு என்ன விலை என்பதற்கு இது ஒரு சான்று. கோர்ன்வாலின் சேவகனுக்கும் கிடைத்தது அவ்வளவுதான்.

புலம்பெயர் அரங்கிலும் எழுத்திலும் இயங்கும் நண்பர்களிடம் எனது வேண்டுகோள் இது. அடுத்த நாடகத்தில் தலைவனின் தனிமொழியைக் கொஞ்சம் குறையுங்கள். வாளைக் கையில் வாங்கிய காவலனுக்கு வாய் கொடுங்கள். அவன் ஏன் தயங்கினான், ஏன் பிறகு தயங்கவில்லை என்று மேடையில் கேளுங்கள். நமது பிரேதங்களுக்கு முன்னால் அழுவதற்கு நமக்கு நாடகங்கள் போதிய அளவு உண்டு. அந்தக் கையை விசாரிக்கும் நாடகம் எங்கே? எதிர்வினைகளை எதிர்பார்க்கிறேன்.